நிறைவெண்ணும் நேர்மைக் கணக்கும்

3,35,50,336.

மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்து ஐம்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தாறு. வீட்டு வரவு செலவிலோ கடைத்தெருவின் கணக்கேட்டிலோ நாம் சந்திக்கக்கூடிய எண் அன்று இது. பார்வைக்கும் இதனிடம் தனிச்சிறப்பு ஏதும் தோன்றாது. ஆயினும் இவ்வெண்ணைக் கண்டடைவதற்கு மனித அறிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது. அந்நெடிய பாதையில் கிரேக்கர் நடந்தனர். பக்தாதின் மொழிபெயர்ப்பாளர்கள் நடந்தனர். நம் மத்ரஸாக்களில் இன்றும் மதிப்புடன் நினைக்கப்படும் ஓர் இமாமும் நடந்தார். இந்த ஓர் எண்ணின் வரலாற்றை அறிந்துகொண்டால், கணிதத்தை மட்டுமன்றி, ஒரு செய்தியை எவ்வாறு ஏற்பது, எப்போது ஏற்க மறுப்பது என்பதையும் அறிந்துகொள்ளலாம்.

எண்களில் மூன்று வகை

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை அதன் வகுத்திகள் என்கிறோம். 8 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அந்த எண்ணை விடுத்து அதன் மற்ற வகுத்திகள் 1, 2, 4. இவற்றைக் கூட்டினால் 7. எட்டுக்கு ஒன்று குறைகிறது. 12-ஐ எடுத்துக்கொண்டால் 1, 2, 3, 4, 6 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 16. பன்னிரண்டைவிட மிகுதி. 6-ஐ எடுத்துக்கொள்வோம். 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 6. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

குறைவுபடும் எண்ணை அரபுக் கணித நூல்கள் 'நாகிஸ்' என்றும், மிகுதிப்படும் எண்ணை 'ஸாயித்' என்றும், சரியாக அமையும் எண்ணைத் 'தாம்' என்றும் வகைப்படுத்தின. ஸர்ஃப் இலக்கணம் ஓதிய மாணவர்களுக்கு நாகிஸ் என்னும் சொல் புதிதன்று. வினைச்சொல்லின் குறையைச் சுட்ட வந்த அதே சொல், ஈண்டு எண்ணின் குறையைச் சுட்டுகிறது. தமிழில் இவற்றைக் குறையெண், மிகையெண், நிறைவெண் என்று அழைப்போம்.

இது வெறும் பொழுதுபோக்குப் பகுப்பு எனக் கருத வேண்டாம். பாகப்பிரிவினைக் கல்வியாகிய ஃபராயிளை நோக்குங்கள். பங்குகளைப் பிரிப்பதற்கு அடிப்படையாக அங்கே கொள்ளப்படும் எண்கள் 2, 3, 4, 6, 8, 12, 24 ஆகியவை. பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகிய மூன்றும் ஒரே சொத்தில் வரும்போது ஆறு என்னும் எண் தகுதியாகிறது. ஆறின் பாதி 3, மூன்றில் ஒன்று 2, ஆறில் ஒன்று 1. மூன்றையும் கூட்டினால் சொத்து முழுவதும் மிச்சமின்றி நிறைவடைகிறது. எட்டில் ஒன்றும் உடன் வருமாயின் இருபத்து நான்கு தேவைப்படுகிறது. எந்த எண்ணை எவ்வெண் வகுக்கும் என்று அறியாதவர் கையில் பாகப்பிரிவினை சென்றால், ஒரு விதவையின் பங்கோ அனாதையின் பங்கோ குறைந்துவிடும். அல்குவாரிஸ்மி தம் அல்ஜப்ர் நூலின் ஒரு பெரும் பகுதியை வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

யூக்ளிட் காட்டிய வழி

நிறைவெண்கள் மிக அரியவை. ஆறுக்கு அடுத்தது 28. அதன் வகுத்திகளாகிய 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள், 28 வரும். அதற்கடுத்தது 496. அதற்கடுத்தது 8,128. பழங்காலத்தார் அறிந்திருந்தவை இந்நான்கே.

இவற்றை உருவாக்கும் வழியொன்றைக் கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட் தம் நூலின் ஒன்பதாம் பகுதியில் நிறுவினார். அவ்வழி எளியது. ஒன்றில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே சென்று, ஒவ்வொரு படியிலும் அதுவரை வந்தவற்றைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை, தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே வகுபடும் பகா எண்ணாக இருந்தால், அதனைக் கடைசியாகச் சேர்த்த எண்ணால் பெருக்க வேண்டும். கிடைப்பது நிறைவெண்.

ஒன்றும் இரண்டும் மூன்று. மூன்று பகா எண். அதை 2-ஆல் பெருக்க 6. பின்னர் 4-ஐச் சேர்க்க 7. அதுவும் பகா எண். 4-ஆல் பெருக்க 28. பின்னர் 8-ஐச் சேர்க்க 15. இது 3-ஆல் வகுபடும். ஆகவே தள்ளிவிடுகிறோம். 16-ஐச் சேர்க்க 31. பகா எண். 16-ஆல் பெருக்க 496. அடுத்து வரும் 63 ஆகாது. அதற்கடுத்து வரும் 127 பகா எண். அதனை 64-ஆல் பெருக்க 8,128.

இதன்பின் பாதை கடினமாகிறது. 255 ஆகாது, அது 5-ஆல் வகுபடும். 511 ஆகாது; அது 7-ஆல் வகுபடும். 1,023 ஆகாது, அது 3-ஆல் வகுபடும். அடுத்து வரும் 2,047 பார்ப்போரை ஏமாற்றக்கூடியது. 3, 5, 7, 11, 13, 17, 19 ஆகிய எவற்றாலும் அது வகுபடாது. ஆனால் 23-ஐ 89-ஆல் பெருக்கினால் 2,047 வருகிறது. ஆகவே அதுவும் தகுதியிழக்கிறது. 4,095 ஐந்தால் வகுபடும். பதின்மூன்றாம் படியில் வருவது 8,191.

இந்த 8,191 பகா எண்தானா? 89 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் போதும். ஏனெனில் 91-ஐ 91-ஆல் பெருக்கினாலே 8,281 ஆகிவிடும். இரண்டை விடுத்தால் இருபத்து மூன்று வகுத்தல்கள். பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா இவ்வுழைப்பைக் குறைக்கும் வழி கண்டார். அவ்வழிப்படி, 8,191-ஐ வகுக்கக்கூடிய பகா எண், 26-ஆல் வகுக்கும்போது 1 மீதி தருவதாக இருக்க வேண்டும். 91-க்குள் அத்தகைய பகா எண்கள் 53, 79 இரண்டே. 53-ஆல் வகுத்தால் மீதி 29. 79-ஆல் வகுத்தால் மீதி 54. ஆகவே 8,191 பகா எண் என்பது உறுதி. அதனைக் கடைசியாகச் சேர்த்த 4,096-ஆல் பெருக்கினால், தொடக்கத்தில் நாம் கண்ட 3,35,50,336 கிடைக்கிறது. ஐந்தாவது நிறைவெண் இதுவே.

நிறைவு எங்ஙனம் அமைகிறது?

இவ்வெண்ணின் வகுத்திகள், அதனை விடுத்து, இருபத்தைந்து. அவை இரு கூட்டமாக அமைகின்றன. முதற்கூட்டம் 1, 2, 4 என இரட்டித்து 4,096 வரை செல்லும் பதின்மூன்று எண்கள். அவற்றின் கூட்டுத்தொகை 8,191. இரண்டாம் கூட்டம் 8,191-இல் தொடங்கி இரட்டித்துச் செல்லும் பன்னிரண்டு எண்கள். அவற்றின் கூட்டுத்தொகை 8,191-ஐப் போல் 4,095 மடங்கு. முதற்கூட்டம் தந்தது ஒரு மடங்கு, இரண்டாம் கூட்டம் தந்தது 4,095 மடங்கு. இரண்டும் சேர்ந்து 4,096 மடங்கு. அதுவே அந்த எண். ஒரு மயிரிழையும் கூடுதலில்லை, குறைவில்லை.

இவ்வெண்ணின் வேறு சில பண்புகளும் சிந்தைக்கு இனியவை. 1 முதல் 8,191 வரையுள்ள எல்லா எண்களையும் வரிசையாகக் கூட்டினால் இதுவே வரும். 1, 3, 5 எனத் தொடங்கி 127 வரையுள்ள அறுபத்து நான்கு ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுவே வரும். கம்ப்யூட்டர்கள் கையாளும் இரும முறையில் எழுதினால், பதின்மூன்று ஒன்றுகளும் அவற்றைத் தொடர்ந்து பன்னிரண்டு பூச்சியங்களுமாக நிற்கும். இதன் இலக்கங்களைக் கூட்டினால் 28. அதுவும் ஒரு நிறைவெண்ணாக அமைவது சுவையான தற்செயல்.

ஆராயாமல் ஏற்ற கூற்று

கி.பி. 100 அளவில் ஜெராஸா என்னும் ஊரில் நிகோமக்கஸ் என்ற அறிஞர் வாழ்ந்தார். இன்றைய ஜோர்டானில் உள்ள ஜெரஷ் நகரமே அவ்வூர். எண்ணியல் பற்றி அவர் எழுதிய நூல் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது. நான்கு நிறைவெண்களைக் கண்ட அவர், இரு பொது விதிகளைக் கூறினார். ஓரிலக்கத்தில் ஒன்று, ஈரிலக்கத்தில் ஒன்று, மூவிலக்கத்தில் ஒன்று, நான்கிலக்கத்தில் ஒன்று என்றவாறு ஒவ்வோர் இலக்க அளவிலும் ஒரே ஒரு நிறைவெண் உண்டு என்பது முதல் விதி. அவை 6 என்றும் 8 என்றும் மாறிமாறி முடியும் என்பது இரண்டாவது.

6, 28, 496, 8,128 ஆகிய நான்கையும் பார்ப்பவருக்கு இவ்விதிகள் சரியாகவே தோன்றும். ஆனால் நான்கு சான்றுகளைக் கொண்டு எல்லையற்ற எண்களுக்கு விதி வகுக்க இயலுமா? அவர் நிரூபணம் எதுவும் தரவில்லை. ஆசிரியர் சொன்னார் என்பதற்காக மாணவர் ஏற்றனர். மாணவர் எழுதினர் என்பதற்காக அவர்தம் மாணவரும் ஏற்றனர். இவ்வாறு அப்பிழை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நூலிலிருந்து நூலுக்குப் படியெடுக்கப்பட்டது.

இந்நூலை அரபுக்குக் கொண்டுவந்தவர் ஹர்ரான் ஊரைச் சார்ந்த தாபித் இப்னு குர்ரா (836–901). யூக்ளிடின் நூலை இஸ்ஹாக் இப்னு ஹுனைன் அரபாக்கம் செய்ய, அதனைத் திருத்திச் செம்மை செய்தவரும் தாபித்தே. தாபித் ஸாபியீன் சமயத்தவர், இஸ்ஹாக் கிறிஸ்தவர். அப்பாசியர் கால பக்தாத் அறிவைத் தேடியபோது, அதைக் கொண்டு வந்தவரின் சமயத்தைக் கேட்டுக் கதவடைக்கவில்லை என்பது நாம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி.

மறுத்துரைத்த இமாம்

அபூ மன்ஸூர் அப்துல் காஹிர் அல்பக்தாதி என்றதும் நம் உலமாக்களுக்கு 'அல்ஃபர்க் பைனல் ஃபிரக்' என்னும் நூல் நினைவுக்கு வரும். கொள்கைப் பிரிவுகளைப் பற்றிய அந்நூலால் புகழ்பெற்ற அஷ்அரி இமாம் அவர். ஹிஜ்ரி 429, அதாவது கி.பி. 1037-இல் மறைந்தார். அவரே கணிதத்தில் 'அத்தக்மிலா' என்னும் நூலையும் இயற்றினார் என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே.

அந்நூலில் நிகோமக்கஸின் விதிகளை அவர் எடைபோட்டார். ஒவ்வோர் இலக்க அளவிலும் ஒரு நிறைவெண் உண்டு என்பது தவறு; பத்தாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் இடையே ஒன்றும் இல்லை என்று தெளிவாக உரைத்தார். அதே வேளையில், நிறைவெண்கள் 6-இலோ 8-இலோ முடியும் என்பதைச் சரியென ஏற்றார். பிழையைப் பிழை என்றதோடு, அதே ஆசிரியரின் கூற்றில் மெய்யான பகுதியை மெய் என்று காத்ததையும் கவனியுங்கள். முழுதாக ஏற்பது எளிது. முழுதாக மறுப்பதும் எளிது. பிரித்தறிவதே அரிது.

அவர் சொன்னதை யூக்ளிடின் வழியில் நாமும் சோதிக்கலாம். அவ்வழியில் ஐந்திலக்கத்தில் வரக்கூடியது 255-ஐ 128-ஆல் பெருக்கக் கிடைக்கும் 32,640 ஒன்றே. 255 பகா எண் அன்று. எனவே அவ்விடம் வெறுமையாகிறது. ஐந்து, ஆறு, ஏழு இலக்கங்கள் எல்லாவற்றையும் தாண்டி, எட்டிலக்கத்தில்தான் 3,35,50,336 வந்து நிற்கிறது. அடுத்த நிறைவெண் 858,98,69,056. பத்திலக்கம் கொண்டது. ஐந்தாவதும் 6-இல் முடிகிறது, ஆறாவதும் 6-இல் முடிகிறது. மாறிமாறி வரும் என்ற விதியும் இத்துடன் வீழ்கிறது.

6-இலோ 8-இலோ முடிவதன் காரணத்தையும் வீட்டிலேயே கண்டறியலாம். ஆறுக்குப் பிந்திய நிறைவெண்களில், கடைசியாகச் சேர்க்கும் எண் 4, 16, 64 போன்று நான்கின் அடுக்காகவே இருக்கும். அத்தகைய எண் 4-இலோ 6-இலோதான் முடியும். 4-இல் முடிந்தால், கூட்டுத்தொகை 7-இல் முடியும். நாலேழு இருபத்தெட்டு, ஆகவே 8. 6-இல் முடிந்தால், கூட்டுத்தொகை 1-இல் முடியும், ஆகவே 6. கூட்டுத்தொகை என்பது கடைசி எண்ணின் இருமடங்கில் ஒன்று குறைவு என்பதை நினைவில் கொண்டால் இது விளங்கும்.

இதே இமாம், ஒற்றை எண்களில் மிகச் சிறிய மிகையெண் 945 என்பதையும் குறிப்பிட்டார். அதன் மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை 975.

ஒரு பட்டியலில் ஏழு சரி, மூன்று பிழை

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு ஃபல்லூஸ் என்று அறியப்பட்ட இஸ்மாயீல் இப்னு இப்ராஹீம், நிகோமக்கஸின் நூலை அடியொற்றி ஒரு நூல் செய்தார். அதில் நிறைவெண்கள் எனப் பத்து எண்களைப் பட்டியலிட்டார். முதல் ஏழும் சரியானவை. நம் 3,35,50,336 அதில் ஐந்தாவதாக இடம்பெற்றது. ஏழாவது 13,743 கோடியைத் தாண்டிய எண்.

ஐரோப்பாவில் 1456-க்கும் 1461-க்கும் இடையே பெயர் தெரியாத ஒருவர் எழுதிய லத்தீன் கையெழுத்துப் பிரதியில் இந்த ஐந்தாம் எண் காணப்படுகிறது. ஆறாவதையும் ஏழாவதையும் இத்தாலியரான கதால்தி 1603-இல் வெளியிட்டார். இவற்றைக் கொண்டு 'எல்லாம் நம்மவரே முதலில் கண்டனர்' என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அவ்வாறு முழங்குமுன், பட்டியலின் மறுபாதியையும் படிக்க வேண்டும். இப்னு ஃபல்லூஸின் கடைசி மூன்று எண்களும் நிறைவெண்கள் அல்ல. எட்டாவது நிறைவெண்ணோ பத்தொன்பது இலக்கங்கள் கொண்டது. அதற்கு ஆதாரமான பகா எண்ணை 1772-இல் உறுதிப்படுத்தியவர் ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர்.

ஏழு சரி என்பதைச் சொல்லி மூன்று பிழை என்பதை மறைத்தால் அது வரலாறு ஆகாது. யூக்ளிடின் விதியை நம்மவர் கண்டதாகச் சொன்னால் அதுவும் அமானிதத்தைப் பேணுவது ஆகாது. முன்னோர் புகழ் நம் பொய்யால் வளர வேண்டிய நிலையில் இல்லை. அவர்கள் செய்தது எதுவோ அதுவே போதிய பெருமை உடையது. இளம் பிள்ளைகளிடம் மிகைப்படுத்திச் சொல்லி, பின்னர் அவர்கள் கல்லூரியில் உண்மையை அறிய நேர்ந்தால், மெய்யான பகுதியின் மீதும் அவர்களுக்கு ஐயம் எழுந்துவிடும். இந்த இழப்பு பெரிது.

இன்னும் திறவாத கதவுகள்

யூக்ளிடின் வழியில் வருபவை நிறைவெண்கள் என்பது நிரூபணமானது. ஆனால் இரட்டை நிறைவெண்கள் யாவும் அவ்வழியிலேயே வர வேண்டுமா? கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதனை நிறுவ முயன்று ஒரு பகுதியளவு வெற்றி கண்டார். முழு நிரூபணத்தை ஆய்லர் அளித்தார். அவர் மறைந்த பின்னர் 1849-இல் அது அச்சேறியது.

ஒற்றை எண்களில் நிறைவெண் உண்டா என்பதற்கு விடை இன்னும் கிட்டவில்லை. இருக்குமாயின் அது 1,500 இலக்கங்களுக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும் என்று 2012-இல் நிறுவப்பட்டது. நிறைவெண்களுக்கு முடிவு உண்டா, இல்லையா என்பதும் விடை காணாத வினாவே. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தம் கம்ப்யூட்டர்களை ஒன்றிணைத்து 1996 முதல் தேடி வருகின்றனர். 2024 அக்டோபரில் அவர்கள் அறிவித்த கண்டுபிடிப்புடன் அறியப்பட்ட நிறைவெண்கள் 52 ஆயின. அந்த எண் 8 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது. அதனையும் ஈன்றது இரட்டித்துக் கூட்டும் அதே பழைய வழிதான்.

எண்ணுக்குச் சக்தி உண்டா?

நிறைவெண் என்றவுடன் அதனைத் தகட்டில் எழுதலாமா, தாயத்தில் கட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. 28 நிறைவெண், அரபு எழுத்துகளும் 28, ஆகவே இதில் மறைபொருள் உண்டு என்று வாதிடுவோரும் உண்டு. ஒத்துவரும் எண்ணை எடுத்துக்காட்டுவோர், ஒத்துவராதவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. நான்கு எண்களைப் பார்த்து விதி வகுத்த நிகோமக்கஸின் பிழையும் இதுவே. எண் நோய் தீர்க்காது; கடனையும் அடைக்காது. ஆனால் எண்ணைப் பற்றிய அறிவு, பாகப்பிரிவினையில் அநீதி நேராமல் காக்கும். வட்டிக்காரன் நீட்டும் தாளில் மறைந்திருக்கும் கொடுமையைக் காட்டித்தரும். ஏலச்சீட்டு என்றும் இரட்டிப்புப் பணம் என்றும் வாசலுக்கு வருபவரின் பேச்சை நிறுத்துப் பார்க்கச் செய்யும்.

தாய்மார்களே, தந்தையரே! பிள்ளை கணக்கில் தடுமாறினால் 'உனக்கு இது வராது' என்று சொல்லிவிடாதீர்கள். குறிப்பாகப் பெண்மக்களிடம் அவ்வாறு சொல்லும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் மறையவில்லை. இன்றிரவு இஷாவுக்குப் பின் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 496-இன் வகுத்திகளைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கூட்டட்டும். 1, 2, 4, 8, 16, 31, 62, 124, 248. இவற்றைக் கூட்டியதும் அவர்கள் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை நீங்களும் காணலாம். இந்தக் கட்டுரையில் உள்ள எண்கள் அனைத்தையும் அவ்வாறே சோதிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் ஆசிரியர் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டாம். கூட்டிப் பார்த்துச் சரியாக வந்தால் ஏற்கட்டும்.